அம்மாவிடம் பேச ஓர் அனுமதி

நயேலி பாரியெந்தோஸின் அம்மா ஒரு மனிதர் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தபோது அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன்பே அங்கே அவளைப் பற்றி ஓர் அலமாரி நிறைய ஆய்வேடுகள் வந்திருந்தன. ஒன்றில் அவள் எல்லைக்கோடு. ஒன்றில் ஆறாத காயம். இன்னொன்றில், அது பரிசு வாங்கிய ஆய்வேடு, அவள் இரண்டு மொழிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடம். மனிதர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னவுடன் நடந்த முதல் காரியம், அவளோடு அவள் மகள் பேசக்கூடாது என்று தடை வந்ததுதான்.

அம்மாவின் பெயர் ஒத்தீலியா. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பார்லியர் என்ற ஊரில், கோடையில் திராட்சைத் தோட்டத்திலும் மற்ற மாதங்களில் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையிலும் நின்ற காலோடு மூன்று கவிதைத் தொகுதிகள் எழுதியவள். பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம். எந்தப் பாதி எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது. பிறகு முதுகு போயிற்று. பள்ளிக்கூடச் சமையலறைக்கு மாறினாள், எழுதுவதையும் விட்டாள். ஏன் விட்டீர்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, இனிமே சமையல்" என்றாள். அந்த வாக்கியத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கிறது.

நயேலி ஒரே மகள். குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள். அவள் தன் அம்மாவின் கவிதைகளையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதற்குத் துறையில் எல்லோரும் ஒரே காரணத்தை நினைத்துக்கொண்டார்கள்: வீட்டிலேயே சரக்கு இருக்கிறது, வேலை சுலபம். உண்மையான காரணம் ஒரு கேள்வி.

இரண்டாவது தொகுதியில் ‘வரிசை முடிவு’ என்று ஒரு கவிதை. உச்சி வெயில். ஒரு பெண் தன் கைக்குழந்தையைத் திராட்சைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, கொடி நிழலில் தள்ளி வைத்துவிட்டு, வரிசையின் முடிவை நோக்கி நடக்கிறாள். திரும்பி வரும் எண்ணமில்லை. வரிசை முடிகிற இடத்தில், தொப்பியை மறந்துவிட்டது நினைவுக்கு வருகிறது. தொப்பியை எடுக்கத் திரும்புகிறாள். வந்த இடத்தில் குழந்தையையும் எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கவிதை.

நயேலி அதைப் பள்ளிக்கூட நூலகத்தில் நின்றபடி படித்தாள். பெட்டிக்குள் இருந்தது நானா? நிஜமாகவே விட்டுவிட்டுப் போனாயா? வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. அந்த வீட்டில் சாவி எங்கே என்று கேட்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அதற்கு மேல் ஒருவரை ஒருவர் கேட்கும் பழக்கம் இல்லை. ஆனால் அம்மாவிடம் ஒரு குணம் இருந்தது. கையில் கோப்போடு எதிரில் உட்காரும் எவருக்கும் அவள் பொய் சொல்லமாட்டாள். குடியேற்ற அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாடகை வீட்டு நிர்வாகம் என்று காலமெல்லாம் கோப்புகளுக்கு எதிரில் உட்கார்ந்து, கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொல்லிப் பழகிய உடம்பு அது. மகளுக்குச் சொல்லாததைக் கோப்புக்குச் சொல்லிவிடுவாள். நயேலிக்குத் தேவைப்பட்டது ஒரு கோப்பு. அது கையில் கிடைக்கத்தான் இத்தனை வருஷம் படித்தாள்.

ஆய்வுக்காக உன்னிடம் சில கேள்விகள் கேட்கவேண்டியிருக்கும் என்று அவள் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு கேக்கறது, நீயா, யுனிவர்சிட்டியா?"

"யுனிவர்சிட்டி. நான் அவங்களுக்காகக் கேப்பேன்."

"அப்போ சரி. கேக்கட்டும், சொல்றேன்." கொஞ்சம் யோசித்து, "கம்மல் போட்டுக்கணுமா?" என்றாள்.

நயேலியின் ஆய்வு வழிகாட்டி டாக்டர் லோர்னா ஃபிட்ஸ்ஹியூ. தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்துவார். மாணவர்களுக்கு அவர் விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான். ஒத்தீலியாவின் கவிதைகளைப் பற்றி உலகத்தில் அதிகம் தெரிந்தவர் அவர். ‘பெட்டி என்னும் தேசம்’ என்ற அவருடைய புத்தகம், மேற்படி திராட்சைப் பெட்டி ஏன் பெட்டியே அல்ல என்பதை முந்நூறு பக்கத்தில் நிறுவுகிறது. அந்தப் புத்தகத்தால் அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது, மலையடிவாரத்தில் வீடு வந்தது. அந்த வீட்டிலிருந்து பார்லியருக்குக் காரில் அரைமணி நேரம். ஒருமுறைகூட வந்ததில்லை. ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில் ஒத்தீலியா மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பாதி நிரம்பிய தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியேறிவிட்டதாக அவரே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"உயிரோட இருக்கற கவிஞர் ஒரு முறையியல் சிக்கல், நயேலி" என்றார் லோர்னா. "அவங்க பாட்டுக்கு எதையாவது சொல்லிடுவாங்க. அப்புறம் அதை நாம கணக்குல எடுத்துக்க வேண்டியிருக்கும். ஆனா நீ ஆசைப்படறே. கேளு. வாரியத்துல அனுமதி வாங்கிட்டுக் கேளு."

மனிதப் பங்கேற்பாளர் பாதுகாப்பு வாரியம் நல்ல காரணத்துக்காகப் பிறந்தது. முன்னொரு காலத்தில் டாக்டர்கள் கைதிகளுக்கும் அநாதைகளுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் ஊசி போட்டார்கள். இனி அப்படி நடக்கக்கூடாது என்று வாரியம் வந்தது. ஊசி போடுகிறவர்களுக்குச் சொந்த வக்கீல்கள் இருந்ததால், வாரியம் நாளடைவில் இலக்கியத் துறையின் பக்கம் திரும்பியது.

வாரியத்தின் அதிகாரி பிரெஸ்டன் விட்லோ மென்மையான மனிதர். அவர் மேஜையில் கண் துடைக்கிற காகிதப் பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். நயேலி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, உங்கள் அம்மா ஒரு மனிதப் பங்கேற்பாளர் ஆகிவிட்டார், வாழ்த்துகள், அனுமதி வரும்வரை ஆய்வுப்பொருள் பற்றி நீங்கள் அவரிடம் பேசக்கூடாது என்றார்.

"நான் அவங்களோட ஒரே வீட்டுல இருக்கேன்" என்றாள் நயேலி.

"இருங்க. தாராளமா இருங்க. ஆய்வுப்பொருள் பத்தி மட்டும் பேச வேண்டாம்."

"ஆய்வுப்பொருள் கவிதைதானே."

"கவிதையில என்னென்ன இருக்கோ அதெல்லாம்" என்றார் விட்லோ. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அம்மாவை உங்ககிட்டேருந்து காப்பாத்தறதுதான் எங்க வேலை. உங்ககிட்டேருந்து மட்டும்னு இல்ல, யாரா இருந்தாலும்."

கவிதைகளில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க அலுவலகத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் மூன்று தொகுதிகளையும் படித்துவிட்டுத் திகைத்துப்போனாள். அவரை விதை இருந்தது. வாடகை இருந்தது. வெயில், பல்வலி, பக்கத்து வீட்டு நாய், துணி துவைக்கும் இயந்திரம், கன்னி மரியாள், ஓடிப்போன புருஷன், ரொட்டிக்கு மாவு பிசையும்போது கழற்றி வைக்கிற மோதிரம் எல்லாம் இருந்தன. அத்தனையும் தடைக்குள் வந்தன. அப்படியானால் எதைப் பற்றித்தான் பேசலாம் என்று நயேலி கேட்டபோது விட்லோ ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உண்மையாகவே உதவ விரும்பினார்.

"பனி" என்றார் கடைசியில். "உங்க அம்மா பனி பத்தி எங்கயுமே எழுதல. பனி சம்பந்தமா என்ன வேணா பேசலாம்."

நயேலி உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டாள்.

கூடப் படிக்கும் டிரெவர் இதைக் கேட்டுச் சிரித்தான். டிரெவரின் அப்பா பேராசிரியர், தாத்தாவும் பேராசிரியர். கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளவேண்டியதுதானே, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றான். அவன் கெட்டவன் அல்ல. விதிகளில் எது நிஜச் சுவர், எது சுவர் மாதிரி தீட்டிய படம் என்று அவனுக்குத் தொட்டிலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நயேலிக்கு எல்லாமே சுவர். அவள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்டதற்கு மாறாக ஒரே ஒருமுறை நடந்த மாமா நாடு கடத்தப்பட்டு இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். அவர் பிள்ளைகள் இந்தப் பக்கம் வளர்ந்துவிட்டார்கள்.

அன்று மாலை அம்மா தட்டை நீட்டி, உப்புப் போதுமா என்று கேட்டாள். நயேலி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மிஹா, உப்பும் அதுல இருக்கா?" ஸ்பானிஷில் அவள் மகளை மிஹா என்பாள், மகள் அவளை அமா என்பாள்.

"ரெண்டாவது புக்குல."

"பாவி, ஒண்ணையும் விட்டு வைக்கல நான்" என்றாள் அம்மா. தன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் இலக்கிய விமர்சனம் அதுதான். நயேலி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்தால் அது அனுமதியில்லாத தரவு.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் தொலைக்காட்சியில் பனி ஹாக்கி பார்த்தார்கள். பார்லியரில் பனி பெய்ததில்லை. குளிர்காலத்தில் மூடுபனி மட்டும் வரும். அது முதல் தொகுதியில் இருப்பதால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பேசவும் வழியில்லை. திரையில் பல்லில்லாத ஆண்கள் வழுக்கிக்கொண்டே போய் ஒருவரை ஒருவர் சுவரோடு வைத்து நசுக்கினார்கள். இவனுங்க எதுக்கு அடிச்சுக்கறானுங்க என்று அம்மா கேட்பாள். தெரியல அமா என்பாள் நயேலி. எல்லாருக்கும் ஆளுக்கொரு பந்து வாங்கிக் கொடுத்துட்டா என்ன என்பாள் அம்மா. அது பந்து இல்ல அமா, வட்டு என்பாள் நயேலி. அப்படியே மாதங்கள் போயின. மோசமில்லை. இரண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒரே அறையில் உட்கார்ந்து பழக்கமில்லை.

அம்மாவின் குரல் கரகரத்தது அப்போதுதான். பழம் பிரிக்கும் கொட்டகையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசிய குரல். அது எப்போதுமே கரகரப்புத்தான் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். ரத்தம் வந்தபிறகு போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், எத்தனை வருஷம் புகைத்தாள் என்பதையும், யாரோடு சேர்ந்து புகைத்தாள் என்பதையும். டாக்டர் அதைக் கேட்கவே இல்லை. பிறகு அவர் சொன்னார். குரல்வளையில் புற்றுநோய், முழுவதையும் எடுக்கவேண்டும். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடலாம், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச்சு இருக்காது. திராட்சை துளிர்க்கிற சமயத்துக்கு நாள் குறித்தார்கள்.

நயேலி மறுநாளே விட்லோவிடம் போனாள். சீக்கிரம் அனுமதி வேண்டும் என்றாள். ஏன் என்று சொன்னாள். விட்லோ காகிதப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. அழுகை வருகிற இடம் எங்கேயோ இருந்தது, அங்கே போக வழி தெரியவில்லை. அவர் தானே ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு சின்ன மாற்றம் வருது, நயேலி" என்றார். "இவ்வளவு நாள் உங்க அம்மா சாதாரணப் பங்கேற்பாளர். இப்போ நோயாளி. நோயாளின்னா பலவீனமான பிரிவு. பலவீனமான பிரிவுன்னா நான் மட்டும் கையெழுத்துப் போட முடியாது, முழு வாரியமும் கூடணும். அவங்க அடுத்த பருவத்துலதான் கூடுவாங்க."

"அதுக்குள்ள அவங்களுக்குப் பேச்சு போயிடும்."

"புரியுது. அதனாலதான் கூடுதலா பாதுகாக்க வேண்டியிருக்கு."

"நோய் இல்லன்னா?"

"இல்லன்னா இந்த வாரமே கொடுத்திருப்பேன்" என்றார் விட்லோ. "அவங்க குணமாயிட்டா உடனே வந்து சொல்லுங்க. எங்களுக்கு உங்க அம்மா ரொம்ப முக்கியம்."

லோர்னா இன்னும் நேராகப் பேசினார். அவருடைய அறையில் ஒரு மரப்பெட்டி சுவரில் மாட்டியிருந்தது, திராட்சைப் பெட்டி, பழைய பொருள் விற்கிற கடையில் வாங்கியது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, வருத்தப்படாதே என்றார். கவிஞர் பேச்சை இழப்பது ஒரு விதத்தில் கவிதைகளிலேயே இருக்கிறது என்றார். எழுந்து அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"நான் உன்கிட்ட மனசு விட்டுப் பேசறேன். நீ போய்க் கேக்கறே. ‘பெட்டிக்குள்ள இருந்தது யாரு’ன்னு. அவங்க ‘ஆமா, என் பொண்ணு, அது வெறும் பெட்டிதான்’னு சொல்லிடறாங்கன்னு வெச்சுக்கோ. என் நாலாவது அத்தியாயம் என்ன ஆகறது? நான் மட்டும் இல்ல, ஜெர்மனியில ரெண்டு பேர் அந்த அத்தியாயத்தை நம்பித்தான் வேலையில இருக்காங்க. ஒரு பொம்பளையோட பேச்சுக்காக ஒரு துறையையே அசைக்க முடியுமா, சொல்லு."

நயேலி அந்தக் கையைப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய நேரம் இது என்று தெரிந்தது. பல் பிடுங்கும்போது மரத்துப்போன தாடையை டாக்டர் தட்டிப் பார்ப்பாரே, அப்படி ஏதோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அறுவைச் சிகிச்சை நாளன்று விடிந்ததும் போய்விட்டார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டு, சக்கரப் படுக்கையில் தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கையில் பட்டை, தலையில் காகிதத் தொப்பி. சுற்றி யாருமில்லை. அம்மா மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கரகரத்த குரலில், மெதுவாக, ஏதோ பாத்திரத்தை இறக்கி வைப்பது போலச் சொன்னாள்:

"கேக்கணும்னா இப்போ கேளு, மிஹா."

நயேலி வாயைத் திறந்தாள். மூன்று மாதமாகப் பனியைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய வாய் அது. கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. வந்ததே தவிர, அதைக் கிழித்து எறியலாம் என்பது நினைவுக்கு வரவில்லை. பின்னால் பல நாள் அவள் அதை யோசித்துப் பார்த்தாள், பயம்கூட இல்லை. பயந்திருந்தால் பரவாயில்லை.

"இன்னும் பர்மிஷன் வரல, அமா."

அம்மா தலையாட்டினாள். கோப்பு வைத்திருக்கிறவர்கள் சொன்னால் அது அப்படித்தான். படுக்கையைத் தள்ள ஆள் வந்தபோது அம்மா கேட்டாள்: "நேத்து ஹாக்கியில யாரு ஜெயிச்சா?"

நயேலி சொன்னாள். அம்மாவின் குரலில் உலகம் கேட்ட கடைசி வாக்கியம் அந்தக் கேள்விதான்.

அனுமதி அடுத்த பருவத்தில் வந்தது. வாரியம் ஒருமனதாக வழங்கியிருந்தது. முக்கால் மணி நேர உரையாடல், ஒருமுறை, வாரியம் ஒதுக்கிய அறையில், வாரியம் அனுப்பும் சாட்சியின் முன்னிலையில், ஒலிப்பதிவோடு. குறித்த நாளில் நடத்தாவிட்டால் அனுமதி காலாவதியாகும்; புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். நயேலி விட்லோவிடம் போய், அம்மாவால் இப்போது பேசமுடியாது என்றாள். அது உங்கள் விண்ணப்பத்தில் இல்லையே என்றார் விட்லோ. அவர் சொன்னது சரிதான். விண்ணப்பித்தபோது அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா குழந்தைகள் எழுதிப் பழகும் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். எழுதுவாள், சட்டைக் கையால் துடைப்பாள், மறுபடி எழுதுவாள். குறித்த நாளில் அதையும் மாட்டிக்கொண்டு, கம்மலும் போட்டுக்கொண்டு வந்தாள். சாட்சியாக வந்தவர் விலங்கு மருத்துவத் துறைக்காரர். வேறு யாரும் அன்று காலியாக இல்லை. அவர் பலகையைப் பார்த்து மிகவும் சங்கடப்பட்டார். அனுமதி வாய்மொழி உரையாடலுக்கு மட்டுந்தான் என்றார். எழுதினால் அது ஆவணம். ஆவணத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அம்மா பலகையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் அதை ரசீது போட்டு வாங்கி வெளியில் வைத்துவிட்டு வந்து, ஒலிப்பதிவை அழுத்தினார்.

நயேலி கோப்பைத் திறந்தாள். இத்தனை வருஷம் வேண்டியது அதுதான்: கோப்பு, மேஜை, எதிரில் அம்மா. முதல் கேள்வியைப் படித்தாள். ‘வரிசை முடிவு’ கவிதையில் பெட்டிக்குள் இருக்கும் குழந்தை யார்? அம்மாவின் உதடு அசைந்தது. பழக்க தோஷம். கழுத்துத் துளையிலிருந்து காற்று வந்தது. உதட்டைப் படிக்கலாமா என்று நயேலி கேட்டாள். சாட்சி தன் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் கூடாது என்று தலையசைத்தார், உதடு படிப்பது மொழிபெயர்ப்பு, அதற்கும் தனி அனுமதி வேண்டும். அதன்பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அழைக்கப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டவள் மாதிரி. மூச்சு போய்ப் போய் வந்தது. நேரம் முடிந்ததும் சாட்சி இருவருக்கும் நன்றி சொன்னார்.

ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பக்கங்கள் எல்லாவற்றிலும் ‘மௌனம்’ என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. ஓரிடத்தில் ‘ஆய்வாளர் மூக்கை உறிஞ்சுகிறார்’ என்று இருந்தது. லோர்னா அதைப் படித்துவிட்டு, நயேலியின் வீட்டுக்கே போன் செய்தார். இப்படி ஒரு தரவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். ஆய்வேடு அப்படியே போகட்டும், ஒரு வார்த்தை சேர்க்காதே என்றார். வாய்மொழித் தேர்வில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பது ஆய்வின் உணர்வுக்கு விரோதம் என்று கருதினார்கள். சிறப்புத் தகுதியோடு முனைவர் பட்டம் கொடுத்தார்கள்.

பிறகு மாநாடு. ஒத்தீலியா பாரியெந்தோஸின் கவிதைகள் குறித்த சர்வதேச மாநாடு என்று துணியில் எழுதி, அவள் முகத்தைக் கதவளவு பெரிதாக அச்சடித்து வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த முகத்துக்குக் கீழே நின்றுகொண்டு, அம்மாவை உள்ளே விடமுடியாது என்றார் விட்லோ. ஒலிப்பதிவில் அவர் பெயர் ‘பங்கேற்பாளர் ஒன்று’. பங்கேற்பாளர் ஒன்று யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது. அவர் உள்ளே வந்து மூச்சுவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா பலகையில் ‘கார்ல இருக்கேன்’ என்று எழுதிக் காட்டிவிட்டு வாகனம் நிறுத்தும் இடத்துக்கு நடந்தாள்.

அரங்கில் விளக்கை மங்கலாக்கி, அம்மாவின் மூச்சை நான்கு ஒலிபெருக்கியில் போட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் குறிப்பெடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் அழுதார். எவ்வளவு சுலபமாக அவருக்கு வருகிறது என்று நயேலி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லோர்னா எழுந்தார்.

"ஒரு உழைக்கும் பெண்" என்றார், "நம்ம அமைப்பு கேட்ட கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் சொல்ல மறுக்கிறாங்க. கவனிங்க, மறுக்கிறாங்க. அவங்களால பேச முடியாதுன்னு யாரும் நினைச்சுடாதீங்க, அது அவங்களை அவமானப்படுத்தறது. பேசக்கூடாதுன்னு அவங்க தேர்ந்தெடுத்திருக்காங்க. நான் இருபது வருஷமா இவங்களைப் படிக்கறேன். இன்னிக்குத்தான் முதல்முறையா நானும் இவங்களும் ஒரே கருத்துல இருக்கோம்."

கைதட்டல் எழுந்தது. அந்த மூச்சில் உயிரெழுத்துகள் உண்டா என்று ஒருவர் கேட்டார். நயேலி எழுந்து வெளியே போனாள். அவள் மனம் கலங்கிப் போவதாக நினைத்து வழிவிட்டார்கள். அவளுக்கு வெறுமனே அங்கே இருக்கத் தோன்றவில்லை.

வெயிலில் கார் அடுப்பு மாதிரி இருந்தது. அம்மா எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலை டாஷ்போர்டு மேல் நீட்டியிருந்தாள். நயேலி உள்ளே உட்கார்ந்ததும் எழுதிக் காட்டினாள்: ‘நான் என்ன சொன்னேனாம்?’

"பேச மறுத்துட்டியாம்."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. கழுத்திலிருந்து காற்று விட்டு விட்டு வந்தது. அது சிரிப்பு என்று புரிந்துகொள்ள நயேலி சில வாரங்களாகத்தான் பழகியிருந்தாள். அது அடங்கும்வரை காத்திருந்தாள். அரங்கிலிருந்து மறுபடி கைதட்டல் கேட்டது.

"அமா" என்றாள். "பெட்டிக்குள்ள இருந்தது நானா?"

அம்மா காலைக் கீழே இறக்கினாள். பலகையில் ‘ஆமா’ என்று எழுதினாள். துடைத்தாள்.

"நெஜமாவே வரிசை முடியற வரைக்கும் போனியா?"

அம்மா பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதிரிலிருந்த கார்களைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். பலகை சின்னது, ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் கொள்ளும். ‘அதுக்கு மேலயும்.’ துடைத்தாள். ‘ரோடு வரைக்கும். பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்.’ துடைத்தாள். ‘சாங்கர்ல இறங்கினேன். இருட்டினப்புறம்தான் திரும்பி வந்தேன்.’

சாங்கர் அடுத்த ஊர். நயேலி வண்டியில் பலமுறை போயிருக்கிறாள். ஒரு கைக்குழந்தை அவ்வளவு நேரம் பெட்டிக்குள் என்ன செய்திருக்கும் என்று யோசித்தாள். அழுதிருக்கும். பிறகு நிறுத்தியிருக்கும்.

"ஏன் திரும்பி வந்தே?"

இந்த முறை அம்மா உடனே எழுதினாள். ‘தெரியல. தெரிஞ்சிருந்தா கவிதையில அதைப் போட்டிருப்பேன். தெரியாததாலதான் தொப்பி.’

அதையும் துடைத்தாள். சட்டைக் கையின் ஓரம் கறுத்திருந்தது. அரங்கிலிருந்து ஆட்கள் கழுத்தில் அட்டையோடு இரண்டிரண்டு பேராக வெளியே வரத் தொடங்கினார்கள். உள்ளே சாப்பாட்டு நேரம் போல. அம்மா மறுபடி பேனாவின் மூடியைத் திறந்து, ஒரே ஒரு வார்த்தை எழுதி, பலகையை மகளின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

‘கோபமா?’

நயேலி தனக்குள் தேடிப் பார்த்தாள். அவசரமில்லாமல், பொய் சொல்லிவிடக்கூடாதே என்ற கவனத்தோடு தேடினாள்.

"இன்னும் வரல, அமா" என்றாள்.

அம்மா தலையாட்டினாள். வரும் என்று தெரிந்தவள் போல. பலகையைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினாள்.